இலவசக் குரல்

குருநகர்
2 மார்ச் 2025

என்ரை மருமகள் பிரியந்தினிக்கு,

மாதாவின்ரை கை உன்ரை தலையிலை இருக்கட்டும். யோசப்பின் மாமி நல்ல சுகம் எண்டு எழுதத்தான் ஆசை, ஆனால் முழங்கால் அதுக்குச் சம்மதிக்குதில்லை.

மடத்துக்குப் போற அண்டைக்கு உன்ரை போனை என்ரை மேசையிலை வைச்சிட்டு, "மாமி, நவசந்நியாசப் பயிற்சி முடியுமட்டும் நான் போன் தொடேலாது. இது இனி உங்களுக்கு. உள்ளுக்கை இருக்கிற அப் எல்லாம் இலவசம், பயப்பிடாமல் தட்டுங்கோ" எண்டு சொன்னனி. நானும் தட்டுறன் பிள்ளை. ரோச் அப்பைத் தட்டிப்போட்டு நிப்பாட்டத் தெரியாமல் பூசைக்குப் போய், சீலைத் தலைப்புக்குள்ளாலை வெளிச்சம் அடிக்க அடிக்க நற்கருணை வாங்கினன். பின்வாங்கிலை இருந்த சனம் நான் ஏதோ காட்சி குடுக்கிறன் எண்டு நினைச்சிருக்கும்.

செபமாலை அப் நல்லது. ஆனால் அதிலை வாற மனுசன் பஸ் பிடிக்க ஓடுறவன் மாதிரிச் செபிக்கிறான். நான் பாதி மந்திரத்திலை நிக்க அவன் அடுத்த மணிக்குப் போயிடுவான். காத்துப் பாக்கிற அப்தான் இப்ப ஒழுங்கைக்கே சொந்தம். உன்ரை கொப்பரோடை மீன் துறையிலை நிக்கிற கொலின்ஸ் ஒவ்வொரு பின்னேரமும் வந்து, "அக்கா, நாளைக்குக் காத்து எந்தப் பக்கம்?" எண்டு கேக்கிறான். காத்தும் கடலும் தெரிஞ்ச ஆம்பிளையள் எல்லாம் என்ரை படியிலை வந்து நிக்கினம். எனக்கும் ஒரு பெருமைதான், ஆண்டவர் மன்னிக்கட்டும்.

கொப்பர் வந்தவர். தேத்தண்ணி குடிச்சவர். போன் முகப்பிலை நீயும் கொம்மாவும் நிக்கிற படத்தைக் கண்டிட்டு, அதைக் குப்புறப் போட்டு அதுக்கு மேலை கோப்பையை வைச்சவர். என்ரை அண்ணைதான், ஆனால் சிமியோன் எண்ட பேருக்குப் பதிலாய்க் கல்லு எண்டு வைச்சிருக்கலாம். நீ போகேக்குள்ளை கேற்றடியிலை நிண்டு, மீன் ஏலம் கூறுற அதே குரலிலை, "எனக்கு இனிப் பிள்ளை இல்லை" எண்டு கத்தினவர்தானே. ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பங்குச் சுவாமிதான் உன்னைப் பிடிச்சு மடத்துக்கு அனுப்பினவர் எண்டு அவரோடையும் கதை இல்லை. பூசைக்கு வாறவர், வாசலுக்கு வெளியிலை நிண்டிட்டுப் போயிடுவார். "பெண்சாதியை ஏற்கெனவே கடவுள் எடுத்திட்டார். மிச்சத்தையும் குடு எண்டால்?" எண்டு கேக்கிறார்.

ஆனால் ஒண்டு. எழும்பிப் போகேக்குள்ளை, "அவளின்ரை சாமானைக் கவனமாய் வைச்சிரு, உப்புக்காத்து பட்டால் பழுதாய்ப் போகும்" எண்டவர். உன்ரை பேரைச் சொல்லேல்லை. சாமான் எண்டுதான் சொன்னவர். நான் அதையும் கணக்கிலை எடுத்திருக்கிறன்.

குரல் கொஞ்சம் அடைச்சுப்போய்க் கிடக்கு அவருக்கு. கத்திக் கத்தித்தானே.

அன்பு மாமி
யோசப்பின்


கண்டி
30 மார்ச் 2025

அன்புள்ள மாமி,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் பக்கத்தில் இருந்த சகோதரி என்னை முறைத்துப் பார்த்தார். தவக்காலத்தில் இப்படிச் சிரிக்கக் கூடாதாம். எங்களுக்கு மாதத்தில் ஒரு கடிதம்தான் அனுமதி. ஆகவே சிரிப்பும் மாதத்துக்கு ஒரு முறைதான்.

போனில் மருந்து நேரம் சொல்கிற அப் ஒன்று இருக்கிறது. சிவப்பு மாத்திரைப் படம் போட்டது. உங்கள் பிறசர் குளிசைக்கு அதில் நேரம் போட்டு வையுங்கள். நீங்கள் அயலட்டைக்கெல்லாம் செபிப்பீர்கள், குளிசையை மறப்பீர்கள்.

அடுத்த பெப்ரவரி, மாசி இரண்டாம் திகதி எனக்குத் துறவறத்தின் முதல் வார்த்தைப்பாடு. அன்று காலையில் பெற்றோர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்த பிறகுதான் பிள்ளை பலிபீடத்துக்கு நடக்கும். பெற்றோர் இல்லாதவர்களுக்கு மடத்துத் தலைவி மதர் போடுவார். மற்றவர்களின் அப்பாமார் இப்போதே பயணத்துக்கு ஒழுங்கு செய்கிறார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு அப்பா இல்லை என்று நினைக்கிறார்கள் போல.

மாமி, நான் கடவுளிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வந்து அந்தச் சிலுவையைப் போட வேண்டும். அவ்வளவுதான்.

குரல் அடைப்புக்கு மருந்து எடுத்தாரா?

உங்கள்
பிரியந்தினி


குருநகர்
11 மே 2025

என்ரை பிள்ளை,

நீ சொன்ன குளிசை அப் வேலை செய்யுது. நல்லாய் வேலை செய்யுது. சுவாமி அப்பத்தைத் தூக்கிக் காட்ட, கோயில் முழுக்க மூச்சடக்கி நிக்க, என்ரை இடுப்பிலை இருந்து "கிணிங் கிணிங், மருந்து எடுக்கும் நேரம்". சுவாமி கையை இறக்கேல்லை, கண்ணை மட்டும் இறக்கி என்னைப் பாத்தவர்.

மாதா வணக்க மாதம், ஒவ்வொரு வீட்டிலையும் செபமாலை. கச்சான் கடலை விலை ஏறிப்போச்சு. ஸ்ரெல்லா சிஸ்டர் வெளிநாட்டுப் பயணம் முடிச்சு வந்திட்டா. கொலின்ஸ் மயிலிட்டிப் பக்கம் தொழிலுக்குப் போய் நல்ல பாரை மீன் கொண்டு வந்தவன்.

பார், நான் என்ன எழுதிக்கொண்டிருக்கிறன் எண்டு. எழுத வேண்டியதை விட்டிட்டுச் சுத்திச் சுத்தி வாறன்.

கொப்பர் என்னைச் சத்தியம் பண்ண வைச்சவர். மாதா படத்திலை கை வைச்சு, "பிள்ளைக்குச் சொல்லமாட்டன்" எண்டு. நான் யோசிச்சுப் பாத்தன். சொல்லமாட்டன் எண்டுதான் வாக்குக் குடுத்தனான். எழுதமாட்டன் எண்டு குடுக்கேல்லை. மாதாவும் ஒரு பொம்பிளைதானே, அவவுக்கு விளங்கும்.

குரல் அடைப்பு நிக்கேல்லை. யாழ்ப்பாணத்திலை காட்டி, பிறகு தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்கு அனுப்பினவை. சதை வெட்டிச் சோதிச்சு ஒரு றிப்போட் தந்தவை, எல்லாம் இங்கிலீசு. டொக்குத்தரைக் காண இன்னும் நேரம் இருந்தது. எனக்குத்தான் பொறுக்கேலாதே. எழுத்துக்கு மேலை போனைப் பிடிச்சால் தமிழ் ஆக்கிற அப் இருக்கெல்லோ, அதைப் பிடிச்சன். கொப்பர் பக்கத்து வாங்கிலை இருந்து வெத்திலைப் பையைத் தேடிக்கொண்டிருந்தவர். டொக்குத்தர் எண்டால் முதல் இருக்கச் சொல்லுவார், தண்ணி வேணுமோ எண்டு கேப்பார். அந்த அப்புக்கு அது ஒண்டும் தெரியாது. "குரல்வளையில் புற்றுநோய்" எண்டு எழுத்து வந்து நிண்டது. நான் போனை மடிக்குள்ளை வைச்சிட்டு, "வெத்திலையை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டியள் அண்ணை" எண்டன். அவர் என்ரை முகத்தைப் பாத்தவர். பிறகு தேடேல்லை.

வாற மாதம் வெட்டி எடுக்கப்போகினம். கட்டியை மட்டும் இல்லை பிள்ளை, குரல்வளை முழுக்க. உயிர் இருக்கும், பேச்சு இராது எண்டு டொக்குத்தர் சொன்னவர். மூச்சு விடக் கழுத்திலை ஒரு ஓட்டை.

செபி. நான் எழுதினதைக் கொப்பருக்குக் காட்டிக்குடுத்திடாதை.

மாமி


கண்டி
25 மே 2025

மாமி,

மதரிடம் சொல்லிவிட்டேன். ஒரு கிழமைக்குப் போய் வரலாம் என்றார். அதற்கு மேல் நின்றால் நவசந்நியாசத்தை முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதுவும் பரவாயில்லை. சத்திரசிகிச்சை எப்போது என்று உடனே எழுதுங்கள், அல்லது மடத்துக்குத் தந்தி போல ஒரு வரி அனுப்புங்கள். எனக்கு அவர் குரலைக் கேட்க வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை. அதை எடுப்பதற்கு முதல் ஒருமுறை கேட்க வேண்டும்.

பிரியந்தினி


குருநகர்
13 யூலை 2025

என்ரை பிள்ளை,

உன்ரை கடிதம் வந்த அண்டைக்கே எழுதியிருக்க வேணும். எழுதேல்லை. ஏன் எண்டு இதிலை சொல்லுறன், என்னைத் திட்டிப் பேசு, ஆனால் வாசிச்சிட்டுப் பேசு.

கடிதத்தை ஒளிக்கத் தெரியாமல் வேதாகமத்துக்குள்ளை வைச்சனான். கொப்பர் ஒரு நாளும் தொடாத புத்தகம் எண்டு நினைச்சன். வெட்டப்போற பயத்திலை மனுசன் அதைத்தான் திறந்திருக்கிறார். பிறகென்ன, என்ரை சத்தியமும் வெளிச்சத்துக்கு வந்திட்டுது.

என்னைப் பேசேல்லை. வந்து என்ரை படியிலை இருந்தவர். காத்து மாதிரி ஒரு குரல், பக்கத்திலை இருந்தால்தான் கேக்கும்.

"யோசு, அவளை வர விடாதை."

"ஏன் அண்ணை, இன்னும் கோபமோ?"

"வந்தால் நிண்டிடுவாள். என்னை இந்தக் கோலத்திலை விட்டிட்டுப் போக மாட்டாள். பிறகு மூலைக்குள்ளை இருந்து எனக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு, தான் போயிருக்க வேண்டிய இடத்தை நினைச்சுக்கொண்டிருப்பாள். கடவுளோடை நான் சண்டை பிடிச்சது உண்மை. ஆனால் ஒரு வருத்தத்தைக் காட்டிப் பிள்ளையைத் திருப்பி எடுக்கிறது களவு."

"அப்ப அதை நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோவன். குரல் இருக்கேக்குள்ளை."

"நாளைக்குப் பாப்பம்" எண்டவர். பிறகு அவர் ஒரு நாளைக்கும் பாக்கேல்லை. சத்திரசிகிச்சை அறைக்குள்ளை கொண்டு போகேக்குள்ளை நேர்ஸ் மிஸ்ஸைப் பாத்து, "என்ரை செருப்பு பத்திரம்" எண்டவர். அதுதான் பிள்ளை கடைசியாய் அவர் வாயாலை வந்தது. செருப்பு.

சத்திரசிகிச்சை முடிஞ்சுது, உயிருக்குப் பயமில்லை. நான் ஆசுப்பத்திரி விறாந்தையிலை செபமாலையோடை அங்கையும் இங்கையும் நடக்க, உன்ரை போன் படார் எண்டு சத்தம் போட்டுது. பாத்தால் நடை எண்ணுற அப். கலர்ப் பூ எல்லாம் கொட்டி, "வாழ்த்துகள்! இன்றைய இலக்கை அடைந்துவிட்டீர்கள்" எண்டு. எனக்கு அழுகை வந்தது. அதுக்கு என்ன தெரியும், பாவம்.

இப்ப வீட்டிலைதான். துறைக்கு ஒருக்கால் போனவர். அவரின்ரை இடத்திலை டிலக்ஷன் எண்ட பெடியன் இப்ப ஏலம் கூறுறான். கொப்பர் பக்கத்திலை நிண்டு, விலை பிழைச்ச இடத்திலை வாயைத் திறந்து மூடினவர். கொலின்ஸ் அதைப் பாக்கேலாமல் வள்ளத்தடிக்குப் போயிட்டான். அண்டைக்குப் பிறகு துறைக்குப் போறதில்லை. எழுதிக் காட்டுங்கோ எண்டால், மூண்டாம் வகுப்போடை நிண்டவர், வெக்கப்படுறார்.

வராதை பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன். மன்னிச்சுக்கொள்.

மாமி


கண்டி
31 ஓகஸ்ட் 2025

அன்புள்ள மாமி,

உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது வேறு கடிதம்.

அப்பா வர வேண்டாம் என்றால் வரவில்லை. அவர் சொன்னதை நான் பல முறை வாசித்தேன். கேற்றடியில் அவர் சொன்னதற்குப் பிறகு எனக்கென்று அவர் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. அதுவும் எனக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொன்னார். அதனால் அந்தப் பழைய பேச்சு இன்னும் அப்படியே நிற்கிறது, மாமி. வேறு ஒன்று வந்து அதன் மேல் இருக்கும் வரைக்கும் நிற்கும்.

ஒரு யோசனை. நாங்கள் எழுதியதைக் குரலில் வாசிக்கிற அப் இருக்கிறது. இலவசம்தான். நான் பாவித்ததில்லை, மன்னாரில் பேச்சு இல்லாத ஒரு பிள்ளை அதால் கதைக்கிறதாம் என்று ஒரு சகோதரி சொன்னார். கொலின்ஸிடம் கேளுங்கள், அவர் போனில் போட்டுத் தருவார். எழுத்துப் பிழைத்தாலும் பரவாயில்லை, சத்தம் வந்தால் போதும்.

மதர் எனக்கு ஒரேயொரு தொலைபேசி அழைப்புக்கு அனுமதி தந்திருக்கிறார். நவசந்நியாசம் முடியும் வரைக்கும் ஒன்றே ஒன்று. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு மடத்து அலுவலகப் போனுக்குப் பக்கத்தில் இருப்பது என் முறை. அப்பா எப்போது விரும்புகிறாரோ, அந்த ஞாயிறு எடுக்கட்டும். நான் ஒவ்வொரு ஞாயிறும் இருப்பேன். அது அவருடைய அழைப்பு, மாமி. நீங்கள் எடுத்து முடித்துவிடாதீர்கள். உங்களைத் தெரியும்.

பிரியந்தினி


குருநகர்
4 நவம்பர் 2025

என்ரை தங்கப் பிள்ளை,

இந்தக் கடிதத்தைத் தபாலிலை போடேல்லை. தபாலை ஆர் நம்புறது? ஸ்ரெல்லா சிஸ்டர் கண்டிக்கு வாறா, அவவின்ரை கையிலை குடுத்துவிடுறன். சிஸ்டர்மார் கையிலை குடுத்தால் வானத்துச் சம்மனசு கொண்டு போற மாதிரி.

கொப்பர் கதைக்கிறார்! நீ சொன்ன அப்தான். கொலின்ஸ் அதைப் போட்டுத் தந்த அண்டு நாங்கள் பட்ட பாட்டைக் கேள். முதல் ஆம்பிளைக் குரல் தேடினம். அதுக்குக் காசு கட்டவேணுமாம், இலவசத்துக்கு ஒரு பொம்பிளைக் குரல்தான். அதுவும் இந்தியாக்காரி, ரீவியிலை செய்தி வாசிக்கிற மாதிரி. கொப்பர் "யோசு தேத்தண்ணி" எண்டு ஒரு விரலாலை குத்தி எழுத, அவள் தேனாய் உருகி "யோசு, தேத்தண்ணி" எண்டாள். என்ரை அண்ணை என்னட்டை இவ்வளவு மரியாதையாய் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் விழுந்து விழுந்து சிரிக்க, அவர் போனைக் கட்டிலிலை எறிஞ்சிட்டுப் போயிட்டார்.

இன்னொரு சீவன் போற விசயம். இலவசம் எண்டபடியால், அவள் வாயைத் திறக்க முதல் ஒவ்வொரு முறையும் ஒரு விளம்பரம் ஓடும். தலைமயிர் எண்ணெய். "உங்கள் கூந்தல் உதிர்கிறதா?" எண்டு தொடங்கும். அது முடிஞ்சால்தான் கொப்பர் எழுதினது வரும். ஒரு நாள் மனுசன் துணிஞ்சு துறைக்குக் கொண்டு போய், டிலக்ஷன் விலையைக் குறைச்சுக் கூறின இடத்திலை போனைத் தூக்கிப் பிடிச்சவர். "உங்கள் கூந்தல் உதிர்கிறதா?" துறை முழுக்கச் சிரிப்பு. "சிமியோன் அண்ணை, எண்ணெய் கிலோ என்ன விலை?" எண்டு ஒருத்தன். கொப்பர் அசையேல்லை பிள்ளை. போனைத் தூக்கிப் பிடிச்சபடி நிண்டவர். விளம்பரம் முடிய, அவள் "விளைமீன் விலை பிழை. திரும்பக் கூறு" எண்டாள். டிலக்ஷன் திரும்பக் கூறினவன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை. இப்ப ஒவ்வொரு நாளும் போறார்.

இனி விசயம். நேற்று வந்து எனக்கு முன்னாலை இருந்து கன நேரம் குத்தினவர். எண்ணெய் முடிய அவள் சொன்னாள், "பிள்ளையோடை கதைக்கப் போறன்" எண்டு.

வாற பதினாறாம் திகதி, ஞாயிறு மூண்டு மணிக்கு எடுப்பார். கொலின்ஸின்ரை போனிலை உனக்கு எடுத்து, உன்ரை போனை அதுக்குக் கிட்டப் பிடிக்கப்போறம். நான் முதல் ரெண்டு சொல்லுச் சொல்லித் தொடக்கிறன் எண்டன். அதுக்கு அவர், "நீ வாயைத் திறந்தால் என்ரை முறை வராது. சத்தம் போடக்கூடாது" எண்டு எழுதிப்போட்டார். சரி எண்டு வாக்குக் குடுத்திருக்கிறன். அதுதான் உனக்கு இதெல்லாம் முன்கூட்டி எழுதுறன். பொம்பிளைக் குரலைக் கேட்டுப் பயந்திடாதை. எண்ணெய் விளம்பரம் வரும், அதுவும் கொப்பர்தான் எண்டு நினைச்சுப் பொறுத்துக் கேள்.

கோயிலிலை ஒரு மெழுகுதிரி கொழுத்தியிருக்கிறன்.

மாமி


கண்டி
23 நவம்பர் 2025

அன்புள்ள மாமி,

உங்களிடமிருந்து கடிதமே இல்லை. அப்பாவுக்கு அந்த அப் சரிவந்ததா, இல்லையா? நீங்கள் சும்மா இருக்கிற ஆள் இல்லையே, அதனால் பயமாக இருக்கிறது.

இங்கே விடாத மழை. மலைப் பக்கம் மண் இறங்குகிறது என்கிறார்கள். தோட்டத்துப் பாதை ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் போனடியில் இருக்கிறேன். அங்கேயே வேர் விட்ட பயிர் மாதிரி ஆகிவிட்டேன் என்று மற்றச் சகோதரிகள் பகிடி. போன ஞாயிறு மூன்று மணிக்கு மணி அடித்தது. நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு கதிரை விழுந்தது. எடுத்தால் ஏதோ இந்தியக் கம்பனி விளம்பரம், "உங்கள் கூந்தல் உதிர்கிறதா?" என்று. முக்காட்டுக்குள் இருக்கிற எனக்கு! அலுவலகப் போனை மறித்து வைக்கக் கூடாது, அப்பா எடுக்கிற நேரத்தில் லைன் கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் உடனே வைத்துவிட்டேன். பிறகு வேறு யாரும் எடுக்கவில்லை.

அவசரம் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். மாசி வரைக்கும் ஞாயிறுகள் இருக்கின்றன.

பிரியந்தினி


கண்டி
9 டிசம்பர் 2025

மாமி,

புயலுக்குப் பிறகு எங்களுக்கு மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. பாதைகள் மண்ணுக்குள். ஆயர் இல்லத்து வாகனத்தில் வந்த ஒருவர்தான் அப்பா காலமான செய்தியை மதரிடம் சொன்னார். அப்போது அடக்கம் முடிந்துவிட்டது. மதர் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஸ்ரெல்லா சிஸ்டர் வந்தார். மடு மாதா கோயிலில் ஒரு தியானம், பிறகு மன்னார், பிறகு மழையில் அனுராதபுரத்தில் மறிபட்டாராம். பையிலிருந்து உங்கள் நவம்பர் கடிதத்தை எடுத்துத் தந்தார்.

மாமி, அந்தப் போனை வைத்தது நான்.

எனக்கு இரண்டு விடயம் தெரிய வேண்டும். பொய் சொல்ல வேண்டாம், எனக்காகக்கூடச் சொல்ல வேண்டாம். அப்பா என்ன சொல்ல இருந்தார்? நான் அவர் கதையைக் கேட்க விரும்பாமல் வைத்ததாகவா நினைத்துக்கொண்டு போனார்?

பிரியந்தினி


குருநகர்
20 டிசம்பர் 2025

என்ரை பிள்ளை,

உன்ரை ரெண்டு கடிதமும் ஒரே நாளிலை வந்தது, மழையிலை நனைஞ்சு ஒண்டோடை ஒண்டு ஒட்டி. நவம்பர்க் கடிதத்தைத்தான் முதல் பிரிச்சன். கூந்தல் எண்ட இடத்திலை நான் நிலத்திலை இருந்திட்டன்.

சிஸ்டரின்ரை கையிலை குடுத்தது நான். தபாலிலை போட்டிருந்தால் நாலு நாளிலை வந்திருக்கும். அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு நிண்டதும் நான். பிறந்ததிலை இருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வாய் சொன்ன சொல்லுக் கேட்டு மூடிக் கிடந்தது. அதை நான் ஆண்டவரோடை தனியாய்க் கதைக்கிறன். நீ கேட்டதுக்கு வாறன்.

கொப்பர் அண்டைக்கு முகம் வழிச்சு, வெள்ளைச் சேட்டுப் போட்டு, என்ரை மேசையடியிலை வந்திருந்தவர். போனிலை கதைக்கிறதுக்கு வெள்ளைச் சேட்டு. சொல்லப்போறதை முதல் நாளே எழுதி வைச்சிருந்தவர், எனக்குக் காட்டேல்லை. கொலின்ஸ் எடுத்துக் குடுத்தவன். "ஹலோ" எண்டு உன்ரை குரல் கேட்டது. கொப்பர் கண்ணை மூடிக்கொண்டு அப்பைத் தட்டினவர். எண்ணெய்க்காரி தொடங்கினாள். உடனே டக் எண்டு நீ வைச்ச சத்தம்.

அது எங்களுக்குக் கேட்டது. அப்புக்கு என்ன தெரியும்? அது விளம்பரத்தை ஆறுதலாய் முடிச்சு, பிறகு அவர் எழுதினதை வாசிச்சது. ஒருத்தரும் இல்லாத லைனுக்கு. நான், கொலின்ஸ், கொப்பர் மூண்டு பேரும் நிண்டு கேட்டம். அவள் சொன்னது இதுதான், ஒரு சொல்லும் நான் கூட்டேல்லை:

"பிள்ளை. நான் அப்பா. இது என்ரை குரல் இல்லை, ஆனால் நான்தான். கேற்றடியிலை உன்னைப் பேசின குரலை டொக்குத்தர் வெட்டி எடுத்திட்டார். அந்தப் பேச்சும் அதோடை போகட்டும். மாசிக்கு வாறன். சிலுவை போடக் கை இருக்கு."

நான் திரும்ப எடுக்கப் போனன். என்ரை கையைப் பிடிச்சு மறிச்சவர். "ஒரு முறைக்குத்தான் அனுமதி. அது முடிஞ்சுது" எண்டு எழுதினவர். "லைன் பிழை அண்ணை, பிள்ளை வேணுமெண்டு வைக்கமாட்டாள்" எண்டன். அவர் சேட்டைக் கழட்டி மடிச்சு வைச்சிட்டுச் சாரத்தோடை போனவர். உனக்கு எழுதக் கூடாது, பிள்ளையைக் கரைச்சல் படுத்தக் கூடாது எண்டும் எழுதிப்போட்டார். எனக்கும் உன்னிலை கோபம் பிள்ளை. அதாலை நானும் எழுதேல்லை. கடிதம் உனக்குக் கிடைச்சிருக்கும், எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் வைச்சுப்போட்டாய் எண்டு நினைச்சன்.

பொய் வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறாய். அப்ப கேள். ஓம். நீ வேணுமெண்டு வைச்சாய் எண்டுதான் கொப்பர் நினைச்சவர். அந்த நினைப்பை மாத்த எனக்குக் கடவுள் நேரம் தரேல்லை. மழை தொடங்கக் கழுத்து ஓட்டைக்குள்ளாலை சளி இறங்கிக் காய்ச்சல் பிடிச்சுது, நெஞ்சு அடைச்சுது. புயல் அண்டு முழங்கால் தண்ணிக்குள்ளாலை கொலின்ஸ் அவரைத் தோளிலை போட்டுக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனவன். அடுத்த நாள் விடியப் போயிட்டார். உங்கடை மடத்துப் போனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தம், சத்தமே இல்லை.

இவ்வளவும்தான் எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிஞ்ச அண்டு பங்குச் சுவாமி வீட்டை வந்தவர். கொப்பர் அவரோடை கதைக்காமல் விட்டு எவ்வளவு காலம் எண்டு உனக்குத் தெரியும்தானே. சுவாமி கதிரையிலை இருந்தவர். பிறகு சொன்னவர்.

அந்த ஞாயிறு போய் ரெண்டு நாளிலை, கொப்பர் சுவாமியின்ரை அறைவீட்டுக்குப் போனவராம். வெள்ளைச் சேட்டோடை. வாசலிலை நிண்டு போனைத் தூக்கிப் பிடிச்சவராம். எண்ணெய் விளம்பரம் ஓடி முடியுமட்டும் சுவாமியும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு நிண்டவையாம். சுவாமிக்கு முதல் கோபம் வந்ததாம், தன்னைப் பகிடி பண்ணுறார் எண்டு. பிறகு அந்தக் குரல், "சுவாமி, என்ரை மகள் போனை வைச்சிட்டாள். வைக்கிறதுக்கு அவளுக்கு உரிமை இருக்கு. இன்னொருக்கால் எடுக்க மதரிட்டை அனுமதி கேட்டுத் தாங்கோ. அவள் எடுக்குமட்டும் கேட்டுத் தாங்கோ" எண்டு சொன்னதாம்.

சுவாமி மதருக்குக் கடிதம் எழுதி வைச்சிருக்க, புயல் வந்திட்டுது.

மாசிக்கு நான் வருவன். கொலின்ஸும் வாறான். மதர் சிலுவை போடட்டும், நான் பக்கத்திலை நிக்கிறன்.

அழு பிள்ளை, நானும் அழுறன். ஆனால் அழேக்குள்ளை இதையும் நினைச்சுக்கொள். நீ வேணுமெண்டு வைச்சாய் எண்டு நினைச்சுக்கொண்டுதான் அவர் சுவாமியின்ரை அந்தப் படி ஏறினவர்.

உன்ரை மாமி
யோசப்பின்